ஏறத் தெரியாத கொடி

புடலைக்குப் பந்தல் போட்டுவிட்டால் நம் வேலை பாதி முடிந்தது. பற்றுக்கம்பியை நீட்டித் துழாவும், கயிறு அகப்பட்டதும் சுருண்டு பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கொடியவரை இன்னும் எளிது. தண்டே கொம்பைச் சுற்றிச் சுற்றி மேலே போய்விடும். மிளகுக்கொடி கணுவேரால் மரத்தில் ஒட்டும். தக்காளியிடம் இதில் எதுவும் கிடையாது. பற்றுக்கம்பி இல்லை, சுற்றும் பழக்கம் இல்லை, ஒட்டும் வேர் இல்லை, மாட்டிக்கொள்ள முள்ளும் இல்லை. ஆனாலும் சில ரகங்கள் ஏழடி, எட்டடி வளர்கின்றன. முதல் கொத்துக் காய் பருக்கும்வரை நிமிர்ந்து நிற்கிற செடி, அதன்பின் ஒரு மழை இரவில் மொத்தமாகச் சாய்ந்துவிடுகிறது. குச்சி நடாத செடிதான் சாயும் என்றில்லை. குச்சி நட்டுக் கட்டிய செடியும் சாய்கிறது. சில சமயம் குச்சியையும் சேர்த்துக்கொண்டு சாய்கிறது. ஏன் என்பதற்கு விடை கொஞ்சம் தாவரவியலிலும் கொஞ்சம் இயற்பியலிலும் இருக்கிறது. அது தெரிந்தால் எந்தக் கம்பு, எத்தனை கட்டு, எந்த இடத்தில் கட்டு என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

கொடிகள் எப்படி ஏறுகின்றன என்பதைப் பொறுமையாக உட்கார்ந்து கவனித்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் டார்வின். உடல்நலமின்றி அறைக்குள் கிடந்த நாட்களில் தொட்டிச் செடிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நுனி எந்தத் திசையில் எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று குறித்து வைத்தார். 1865-ல் அதை நீண்ட ஆய்வுரையாக வெளியிட்டார். 1875-ல் அது புத்தகமாகவும் வந்தது. அதில் சொலானம் ஜாஸ்மினாய்டிஸ் என்ற பூங்கொடியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதன் இலைக்காம்பு ஒரு குச்சியில் பட்டால் வளைந்து பிடிக்கும். பிடித்த காம்பு நாளாக ஆகத் தடித்து, மரம்போல் விறைத்துவிடும். தக்காளியும் அதே சொலானம் பேரினம்தான். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் மணத்தக்காளியும் அங்கேதான் இருக்கின்றன. உறவுக்காரக் கொடிக்கு வந்த அந்த வித்தை தக்காளிக்கு வரவில்லை.

தேவையும் இருக்கவில்லை. இன்றைய தக்காளியின் மூதாதையான சொலானம் பிம்பினெல்லிஃபோலியம் தென்னமெரிக்காவின் மேற்கே, பெரு, ஈக்வடார் நாடுகளில் இன்றும் காட்டுச் செடியாக வளர்கிறது. பழம் பட்டாணியைவிடச் சற்றுப் பெரிது. எடை ஓரிரு கிராம். தண்டு தரையில் படரும், பக்கத்துப் புதர்மேல் சாயும், மண்ணைத் தொட்ட இடத்தில் புதிதாக வேர்விடும். படுத்துக்கொண்டே நகர்வது அந்தச் செடிக்கு லாபம். ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடிக்கான வாய்ப்பு. இந்தக் குணம் நம் வீட்டுத் தக்காளியிலும் அப்படியே இருக்கிறது. அடித்தண்டில் சின்னச் சின்னப் புடைப்புகளாகத் தெரிபவை வேர் முளைகள். நாற்றை ஆழமாக நடச் சொல்வதும், வளர்ந்தபின் மண் அணைக்கச் சொல்வதும் இதனால்தான்.

அந்தச் சிறு பழத்தை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதையெடுத்துப் பெரிதாக்கினார்கள். இன்று சந்தைக்கு வரும் பழம் 60 முதல் 100 கிராம் வரை இருக்கிறது. எடை முப்பது மடங்காவது ஏறிவிட்டது. தண்டு மட்டும் படர்ந்து கிடக்கும் செடியின் தண்டாகவே நின்றுவிட்டது. கம்பும் கயிறும் இந்த இடைவெளியை ஈடுகட்ட வந்தவை. செடியை அழகாக நிறுத்துவது அவற்றின் வேலை என்று நினைத்தால் ஒரே ஒரு கட்டோடு நிறுத்திவிடுவோம். பழத்தின் எடையைத் தண்டிடமிருந்து வாங்கிக்கொள்வது அவற்றின் வேலை என்று நினைத்தால் கட்டும் விதமே மாறும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாக வளர்ந்த செடியில் ஒரே சமயத்தில் ஐந்து கொத்துகள் காயோடு தொங்கலாம். கொத்துக்கு 5 காய், காய்க்கு 80 கிராம் என்றால் மொத்தம் 2 கிலோ. இலை, கிளை எடை இதற்கு மேல். இத்தனையையும் தாங்குவது விரல் பருமனுள்ள ஒரு தண்டு. அந்தத் தண்டின் அடிப்பகுதியில்தான் மரத்தன்மை கொஞ்சம் ஏறியிருக்கும். மேலே இருக்கும் இளந்தண்டு நிமிர்ந்து நிற்பதே உள்ளிருக்கும் தண்ணீரால். செல்களுக்குள் நீர் விம்மி நிற்கும் விறைப்பு குறைந்தால் அதுவும் துவண்டுவிடும்.

ஒரு மெல்லிய தூண் எவ்வளவு எடையில் வளைந்து ஒடியும் என்பதற்கு லெயோன்ஹார்ட் ஆய்லர் என்ற கணித மேதை 1744-லேயே வழி சொல்லிவிட்டார். தூணின் உயரம் இரண்டு மடங்கானால் அது தாங்கும் எடை நான்கில் ஒரு பங்காகிவிடும். உயரம் மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. தக்காளித் தண்டு சீரான தூண் கிடையாது என்றாலும் இந்த விதி இங்கும் வேலை செய்கிறது. இரண்டடியில் தைரியமாக நின்ற செடி நான்கடியில் தடுமாறுவதற்கு நோயோ உரக்குறைவோ காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இதே விதியில் நமக்குச் சாதகமான ஒரு பக்கமும் இருக்கிறது. தண்டை ஓர் இடத்தில் கம்போடு கட்டினால், அந்த இடத்தில் அது பக்கவாட்டில் அசைய முடியாது. ஆய்லரின் கணக்கில் அதற்குப்பின் தூணின் உயரம் என்பது செடியின் உயரம் இல்லை, ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் உள்ள தூரம். நான்கடித் தண்டை அடிக்கு ஒரு கட்டாகக் கட்டினால் அது நான்கு ஓரடித் தண்டுகளாக மாறிவிடுகிறது. அப்படியானால் தடித்த கம்பை நட்டு நடுவில் ஒரு முடிச்சுப் போட்டவருக்குச் செடி ஏன் சாய்ந்தது என்பது புரியும். கட்டுக்குக் கீழே பத்திரமாக இருந்திருக்கும். மேலே வளர்ந்த இரண்டடி, காய் பருத்ததும் கட்டு இருந்த இடத்திலேயே மடங்கியிருக்கும். கம்பின் பருமனைவிடக் கட்டுகளின் நெருக்கம் முக்கியம். செடி வளர வளர, அரையடியிலிருந்து ஓரடிக்கு ஒரு கட்டு சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

கம்பை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் செடி எந்த வகை என்பது. அவரையில் செடியவரை, கொடியவரை என்று பிரிப்பதுபோலத் தக்காளியிலும் பிரிக்கலாம். இந்தப் பிரிவுக்குப் பின்னால் தக்காளி வளரும் விதத்திலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

தக்காளியின் முதன்மைத் தண்டு ஒரே நேர்கோட்டில் வளர்ந்துகொண்டே போவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது எட்டு, பத்து இலைகள் விட்டதும் நுனியில் பூங்கொத்து வைத்து முடிந்துவிடுகிறது. நுனி பூவானால் அந்தத் தண்டுக்கு அதற்குமேல் வளர்ச்சி இல்லை. உடனே கடைசி இலையின் கக்கத்தில் இருக்கும் மொட்டு விழித்துக்கொண்டு, வேகமாக வளர்ந்து, பூங்கொத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் தலைமை இடத்தைப் பிடிக்கிறது. அதுவும் மூன்று இலை விட்டு, ஒரு பூங்கொத்து வைத்து முடிகிறது. மறுபடி கக்க மொட்டு. நாம் ஒரே தண்டு என்று நினைப்பது, ஒன்றன் தோளில் ஒன்றாக ஏறி நிற்கும் கிளைகளின் வரிசை. மூன்று இலை, ஒரு கொத்து, மூன்று இலை, ஒரு கொத்து என்று இது முடிவில்லாமல் போகும். கொடி வகை என்பது இது.

1914-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு செடி இந்த ஒழுங்கை மீறியது. கொத்துகளுக்கு இடையே மூன்று இலைக்குப் பதில் இரண்டு, பிறகு ஒன்று என்று குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இலையே இல்லாமல் கொத்து வைத்து வளர்ச்சியை முடித்துக்கொண்டது. தானாகத் தோன்றிய மரபணு மாற்றம் அது. யாரும் கவாத்து செய்யாமலே செடி தன்னைத்தானே அளவோடு நிறுத்திக்கொண்டதால் அந்த மரபணுவுக்கு ‘செல்ஃப் புரூனிங்’ என்றே பெயர் வைத்தார்கள். 1998-ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நுனி மொட்டு பூவாக மாறுவதைத் தள்ளிப்போடுவது அதன் வேலை. அது பழுதானால் நுனிகள் அவசரப்பட்டுப் பூக்கின்றன. செடி வகை என்பது இது.

இந்தப் பழுதால் தக்காளி வேளாண்மையே திசை மாறியது. செடி குட்டையாக நிற்கும், காய்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பழுக்கும் என்றானதும், எந்திரத்தால் அறுவடை செய்ய முடியுமா என்று யோசித்தார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா எந்திரத்துக்கேற்ற ரகத்தை உருவாக்க, கோபி லொரென்சென் ரகத்துக்கேற்ற எந்திரத்தை வடிவமைத்தார். 1960-களில் அங்கே ஆலைத் தக்காளி வயல்களில் கையறுவடை மறைந்தது. நம் ஊரில் பெயர்பெற்ற பி.கே.எம் 1 ரகமும் செடி வகையே. பெரியகுளத்தில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் திடீர்மாற்றத்தைத் தூண்டி உருவாக்கியது அது. செர்ரி தக்காளிகளில் பெரும்பாலானவை கொடி வகை.

விதைப் பொட்டலத்தில் எதுவும் எழுதியிருக்காவிட்டால், இரண்டு கொத்து வந்தபின் நடுவே உள்ள இலைகளை எண்ணுங்கள். மூன்று மூன்றாகவே தொடர்ந்தால் கொடி வகை. ஒன்று, இரண்டாகக் குறைந்து, கிளை நுனியே கொத்தாக முடிந்தால் செடி வகை. இந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளாமல் பக்கக் குருத்துகளைக் கிள்ளத் தொடங்குவது பெரும் நஷ்டம். செடி வகையில் ஒவ்வொரு கிளையும் இத்தனை கொத்து என்ற அளவோடு வருகிறது. கிள்ளியது திரும்ப வராது. அதற்கு நான்கடிக் கம்பு ஒன்றும், அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை கிளை, இலை நீக்குவதும் போதும். கொடி வகைக்கு ஆறடிக் கம்பே குறைவாகத்தான் தெரியும். இதன் எல்லை எவ்வளவு என்று பார்க்க விரும்பியவர்கள் ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் ஒரே ஒரு செடியைத் தலைக்குமேல் பந்தலில் படரவிட்டு வளர்த்தார்கள். அந்த ஒரு செடி 32,194 பழங்கள் கொடுத்தது. மொத்த எடை 522 கிலோ. கண்ணாடி வீடுகளில் தொழில்முறையில் வளர்ப்பவர்கள் மேலே கம்பி இழுத்து, அதிலிருந்து தொங்கும் கயிற்றில் தண்டைச் சுற்றிவிடுகிறார்கள். நுனி கம்பியைத் தொட்டதும் கயிற்றைத் தளர்த்திச் செடியை இறக்கி, காய்த்து முடிந்த அடித்தண்டைத் தரையோரம் கிடத்துகிறார்கள். ஒரே பருவத்தில் ஒரு தண்டு பத்து மீட்டருக்கு மேல் நீளும்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமும், எல்லை தாண்டிக் கோலார், மதனப்பள்ளி பக்கமும் போனால் சவுக்கு, தைலமரக் கம்புகளை வரிசையாக நட்டு, கம்பி இழுத்து, சணலால் செடிகளைத் தூக்கிக் கட்டிய வயல்களைப் பார்க்கலாம். வீட்டில் நான்கைந்து செடி வரிசையாக இருந்தால் அதன் சுருங்கிய வடிவம் ஒன்று உண்டு. இரண்டு செடிக்கு ஒரு கம்பு நட்டு, கயிற்றைச் செடிகளுக்கு முன்பக்கமாக ஒரு தடவை, பின்பக்கமாக ஒரு தடவை கொண்டுபோய், ஒவ்வொரு கம்பிலும் இறுக்கிச் சுற்றவேண்டும். செடிகள் இரண்டு கயிற்றுக்கும் நடுவே நிற்கும். முக்கால் அடி வளர்ந்ததும் அடுத்த அடுக்கு. தண்டில் முடிச்சே விழுவதில்லை. செடி வகைக்கு இதைவிடச் சிக்கனமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

கம்பில் மூங்கில் ஏன் இவ்வளவு உசத்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கழி வளையாமல் நிற்கும் திறன் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு. வளையும்போது சுமை பெரும்பாலும் கழியின் வெளிவிளிம்பில்தான் விழுகிறது. மையத்தில் உள்ள மரம் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. மூங்கில் அந்த மையத்தைக் காலியாக விட்டு, நாரை எல்லாம் வெளிச்சுவரில் அடுக்கியிருக்கிறது. குறைந்த எடை, நிறைந்த விறைப்பு. அரை அங்குலக் குச்சி நான்கைக் கட்டாகச் சேர்த்து நடுவதைவிட ஓரங்குல மூங்கில் ஒன்று மேல்.

வயலுக்கும் மாடித் தோட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றைப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் மக்களிடம் கேட்டால் தெரியும். மாடியில், தடுக்க மரம் எதுவும் இல்லாத உயரத்தில், அந்தக் காற்று இன்னும் வேகமாக வருகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதுதான் இதில் ஆபத்து. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, இலை அடர்ந்த ஒரு செடியைச் சுமார் ஒன்றரை கிலோ எடையளவு விசையோடு தள்ளும் என்று வைத்துக்கொள்வோம். 72 கிலோமீட்டர் வேகத்தில் அது ஆறு கிலோவாகும். செடியின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருந்தால், விசையை உயரத்தால் பெருக்கி வரும் கவிழ்க்கும் திருப்புவிசை முதல் காற்றில் ஏறத்தாழ 2, இரண்டாவதில் ஏறத்தாழ 8. எதிர்த்து நிற்பது செடி வளரும் பையின் எடை மட்டும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள குரோ பேக், ஈரத்தோடு 20 கிலோ இருந்தால், விளிம்பிலிருந்து மையத்துக்கு 20 சென்டிமீட்டர், பெருக்கினால் 4. சாதாரணக் காற்றுக்குத் தாராளமாக நிற்கிற பை, புயல் வீச்சில் கம்பு, செடி, காய் எல்லாவற்றோடும் கவிழ்கிறது. தென்னைநார்க் கழிவு காய்ந்து பை இலேசாக இருக்கும் நாளில் இன்னும் குறைந்த காற்றுக்கே கவிழும்.

ஆகவே மாடியில் கம்பைப் பைக்குள் குத்தி நம்பியிருக்கக் கூடாது. அரையடி, ஓரடி ஆழமுள்ள தளர்வான கலவையில் கம்புக்குப் பிடிமானமும் கிடையாது. நிலத்தில் ஆறடிக் கம்பை ஒன்றரை அடியாவது இறக்குகிறோம், பையில் அது முடியாது. மூன்று பைகளைச் சேர்த்து வைத்து, மூன்று கம்புகளின் தலையையும் ஒன்றாகக் கட்டுங்கள். முக்காலி எந்தத் திசைக் காற்றுக்கும் தடுமாறாது. அல்லது பைகளுக்கு வெளியே இரும்புக் குழாயில் ஒரு சட்டம் செய்து கைப்பிடிச்சுவரோடு பிணைத்து, மேலிருந்து கயிறு தொங்கவிடுங்கள். பை தண்ணீரும் சத்தும் தரட்டும். சுமையைக் கட்டடம் ஏற்கட்டும்.

காற்றை முழுக்கப் பகைக்கவும் வேண்டாம். காற்றில் ஆடும் தண்டு, தொட்டும் தடவியும் அசைக்கப்படும் தண்டு, குட்டையாகவும் தடிப்பாகவும் வளரும். மார்க் ஜாஃபி என்ற தாவரவியலார் 1973-ல் இதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார். அசைவைச் செல்கள் உணர்ந்து, நீள்வதைக் குறைத்து, சுவரைப் பலப்படுத்துகின்றன. செடியைக் கம்போடு ஒட்ட இறுக்கிவிட்டால் இந்தப் பயிற்சி அதற்குக் கிடைப்பதில்லை. மெலிந்து நீண்டு, கட்டு அவிழ்ந்த நாளில் ஒடிகிறது. இறுக்கத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. இலையில் தயாராகும் சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோகும் மென்மையான குழாய்கள் பட்டையை ஒட்டியே இருக்கின்றன. இன்று சரியாக இருக்கும் நூல், தண்டு பருத்தபின் அவற்றை நெரிக்கும். எட்டு வடிவில் கட்டுவது இந்த இரண்டுக்கும் தீர்வு: கயிற்றை முதலில் கம்பில் இறுக்கி முடிந்து, குறுக்காக ஒரு திருப்பு கொடுத்து, தண்டைச் சுற்றி விரல் நுழையும் அளவு தொட்டில்போல் தளர்வாக விட்டுக் கட்ட வேண்டும். பழைய பருத்திச் சேலைக் கரையும் வாழைநாரும் சணலும் நல்லவை. கட்டுக்கம்பியும் மெல்லிய நைலானும் தண்டை அறுக்கும். கட்டு ஓர் இலைக்கணுவுக்கு நேர் கீழே இருக்கட்டும். அப்போது கணு கட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும், தண்டு வழுகி இறங்காது.

எப்போது கட்டுவது என்பதற்கும் காரணம் உண்டு. நாற்று நடும் அன்றே கம்பையும் நட்டுவிடுவது சிறப்பு. ஒரு மாதம் கழித்துக் குத்தினால் வேரை அறுத்துக்கொண்டு இறங்கும். தவிர, சாய்ந்த தண்டு சும்மா கிடப்பதில்லை. தண்டின் செல்களுக்குள் இருக்கும் மாவுத்துகள்கள் புவியீர்ப்பால் அடியில் படிந்து, எது கீழ் என்பதைச் சொல்கின்றன; ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழ்ப்பக்கத்தில் சேர்ந்து அந்தப் பக்கத்தை நீளச் செய்கிறது; நுனி மேல்நோக்கி வளைகிறது. சில நாட்களில் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். அதை நிமிர்த்திக் கட்டப் போனால் வளைவில் ஒடியும். விழுந்து ஒரு வாரமான செடியை, விழுந்த நிலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். இதைக் காலையில் செய்ய வேண்டாம். இரவெல்லாம் நீர் குடித்து விறைத்த தண்டு மடக்கென்று முறியும். வெயில் தாழ்ந்த மாலையில் அதுவே வளைந்துகொடுக்கும். பக்கக் குருத்தைக் கிள்ளுவதற்கு அதே காலை விறைப்பு உதவும். ஒரு சொடுக்கில் சுத்தமாக ஒடியும். அன்றைய வெயிலிலேயே காயம் ஆறும்.

கிள்ளுவதில் ஓர் எச்சரிக்கை. ஒரே தண்டாக நிறுத்தி மற்ற எல்லாவற்றையும் கிள்ளிவிடச் சொல்லும் அறிவுரை குளிர் நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே வெயில் அருமை. ஒவ்வொரு கொத்திலும் ஒளி பட வேண்டும். நம் சமவெளியில் மாசி, பங்குனி வெயிலில் இலை மறைவில்லாத காய் வெந்துபோகும். நேர்வெயிலில் தொங்கும் காயின் உட்சூடு, சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாக ஏறும். வெயில் பட்ட பக்கம் வெளிறி, தோல் காகிதமாகும். சிவப்பு நிறம் தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் தொடர்ந்து உருவாகும். கோடையில் தோட்டத்துப் பழம் ஆரஞ்சாகவே நின்றுவிடுவது அதனால். கடுமையாகக் கவாத்து செய்த செடிகளில் காயின் அடி கறுத்து அழுகுவதும் வெடிப்பதும் கூடுகின்றன. அளவோடு கிள்ளினால் காய் பெரிதாகவும் சீக்கிரமாகவும் வரும். கிள்ளாமல் விட்டால் மொத்த எண்ணிக்கை கூடும். இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. முதல் கொத்துக்கு நேர் கீழே வரும் வலுவான குருத்தை விட்டுவைத்து, செடியை இரண்டு தண்டாக வளர்த்து, கொத்துகளுக்கு மேலுள்ள இலைகளைத் தொடாமல் விடுவது நம் வெயிலுக்குப் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. அப்போது எதிரி மழைத்துளி. ஒவ்வொரு துளியும் மண்ணில் விழுந்து தெறிக்கும்போது, அங்கே காய்ந்த இலைத் துணுக்குகளில் காத்திருக்கும் ஆல்டர்னேரியா பூசண வித்துகளைக் கீழிலைகளில் ஏற்றிவிடுகிறது. வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழுந்து அடியிலிருந்து இலை கருகுவது இதனால் வரும் இலைக்கருகல். வித்து முளைக்க இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். தூக்கிக் கட்டிய செடியில் காற்று புகுந்து ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்துகிறது. மண்ணைத் தொடும் காய்களுக்கு வரும், மான்கண்போல் வளையம் விழுந்து அழுகும் நோயும் அதில் குறைவு. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இலையை நீக்கி, மண்மேல் காய்ந்த சருகோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டால் தெறிப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

கட்டிய செடியால் பூவுக்கும் ஒரு வசதி. தக்காளியின் மகரந்தம் வெளியே கொட்டிக் கிடப்பதில்லை. கூம்புபோல் ஒட்டிக்கொண்ட மகரந்தப்பைகளுக்குள் இருந்து, அதிர்ந்தால்தான் உதிரும். சாதாரணத் தேனீயால் அந்த அதிர்வைத் தர முடியாது. தச்சுத் தேனீயும் நீலவரித் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு பறக்கும் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. அவை வராத மாடிகளில், காலை வெயில் ஏறியபின் கம்பையோ கயிற்றையோ விரலால் நாலு தட்டு தட்டினால் எல்லாக் கொத்துகளும் ஒரே சமயத்தில் அதிரும். பகல் 35 டிகிரியையும் இரவு 24 டிகிரியையும் தாண்டும் சித்திரையில் மட்டும் இது பலிக்காது. அப்போது மகரந்தமே செத்திருக்கும்.

காய்ப்பு முடிந்து செடியைப் பிடுங்கும்போது கட்டிய கயிறு, துணி எல்லாவற்றையும் செடியோடு சேர்த்து அப்புறப்படுத்திவிடுங்கள். தேமல் நோய் வைரஸ் அவற்றிலும், காய்ந்த சாற்றிலும் உயிர்ப்போடு தங்கியிருக்கும். கம்புகளை மண் போகத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து, சில நாள் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். மூங்கிலின் கணுவிடுக்குகளில் பூசணம் ஒளிந்துகொள்ளும் என்பதால் அடுத்த பருவம் அதே கம்பைத் தக்காளிக்கோ, அதே குடும்பத்துக் கத்தரி, மிளகாய்க்கோ கொடுக்காமல், பாகலுக்கும் அவரைக்கும் கொடுங்கள்.